படியேற மறுத்த மோத்தி: முதிய நாயின் மூட்டுவலிக்குச் சிக்கனமான வழிகள்

நாக்பூரில் டிசம்பர் மாதக் குளிர் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுது. நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய மோத்தி, எங்கள் குடியிருப்பின் நான்காவது படியோடு நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கு மொத்தம் 32 படிகள், மின்தூக்கி கிடையாது. இத்தனை ஆண்டுகளாகத் தாவி ஏறிய படிகளை அது அண்ணாந்து பார்த்தது, எங்களையும் பார்த்தது, பின்பு அங்கேயே அமர்ந்துவிட்டது. 41 கிலோ எடையுள்ள லாப்ரடார் நாயைத் தூக்கிச் செல்வது இருவர் சேர்ந்தாலும் எளிதன்று. பக்கத்து வீட்டு இளைஞரின் துணையோடு ஒரு போர்வையில் கிடத்தியே அதனை வீடு சேர்த்தோம்.

அடுத்த சில நாட்களில் பலரும் பலவிதமாக யோசனை கூறினர். தனியார் மருத்துவமனை ஒன்றில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்துவதற்குச் சொல்லப்பட்ட தொகை, எங்கள் வீட்டின் இரண்டு மாத வருமானத்தையும் விழுங்கக்கூடியதாக இருந்தது. பத்து வயது நாய் அந்த அறுவைச் சிகிச்சையைத் தாங்குமா என்ற ஐயமும் இருந்தது. “இதற்கு மேல் அதைத் துன்புறுத்தாதீர்கள், ஊசி போட்டு விடுதலை கொடுத்துவிடுங்கள்” என்று நலம் விரும்பியே ஒருவர் சொன்னார். இறுதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர்தான் எங்களுக்கு ஒரு கால வரம்பை வகுத்துக் கொடுத்தார். “மூன்று மாதம் முறையாக முயன்று பாருங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்” என்றார்.

அந்த மூன்று மாதங்களில் நாங்கள் கற்றவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம். பெரிய உடலமைப்புள்ள நாய்களை வளர்க்கும் வாடிக்கையாளர்கள் பலருக்கும் இந்த நாள் ஒருநாள் வரக்கூடும். அது வருமுன்னரே இவற்றை அறிந்திருப்பது நல்லது.

வலி குரல் கொடுப்பதில்லை

நாய்க்கு வலித்தால் அது கத்தும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். நாட்பட்ட மூட்டுவலியில் பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. காலையில் எழும்போது உடல் விறைத்திருப்பதும், சில அடிகள் நடந்தபின் சற்று இலகுவாவதும் முதல் அறிகுறி. ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் ஒருசேர எடுத்து வைத்து முயல்போல் துள்ளுதல், ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குதல், நடக்கும்போது பின்னங்கால் நகங்கள் தரையில் உரசும் ஒலி, இரவில் இடம் மாறி மாறிப் படுத்தல், தொடும்போது சீறுதல், பின்தொடைச் சதை மெலிதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. “வயதாகிவிட்டது, அதனால் மந்தமாக இருக்கிறது” என்று நாம் தள்ளிவிடும் பல மாற்றங்கள் உண்மையில் வலியின் அடையாளங்களே. மோத்தி சோபாவில் ஏறுவதை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம்.

மூட்டுக்குள் நிகழ்வது இதுதான்: எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டு உறை வீங்குகிறது. உடல் அதனை ஈடுசெய்ய முயன்று எலும்பின் ஓரங்களில் புதிய முட்களை வளர்க்கிறது. வலியால் நாய் அசைவைக் குறைக்கிறது. அசைவு குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின்மேல் சுமை மிகுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுப்பதே எல்லாச் சிகிச்சைகளின் நோக்கமும் ஆகும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய இனங்களில் இடுப்பின் பந்துக்கிண்ண மூட்டு சரிவரப் பொருந்தாமல் வளரும் ‘ஹிப் டிஸ்பிளேசியா’ மிகுதி. ஆகவே தேய்மானமும் அவற்றை விரைவில் வந்தடைகிறது.

முதற்செலவு நோயறிதலுக்கே

சிக்கனம் என்றதும் மருத்துவரைத் தவிர்ப்பது என்று பொருள் கொள்ளலாகாது. நொண்டுதல் எல்லாம் மூட்டுத் தேய்மானம் அல்ல. நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சல் பரவலாக உள்ளது. அதிலும் மூட்டுகள் வீங்கி நாய் நொண்டும். தண்டுவட நரம்பு அழுத்தப்படுதல், தைராய்டு குறைபாடு, பெரிய இனங்களில் காணப்படும் எலும்புப் புற்றுநோய் ஆகியனவும் தொடக்கத்தில் ஏறத்தாழ இதே தோற்றத்தைக் காட்டக்கூடும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

இங்கே நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெருந்துணையாக இருப்பவை அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளும் ஆகும். 1886-ல் தொடங்கிய மும்பை பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி, பரேலி அருகே இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், லூதியானாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகம், நாக்பூரில் தலைமையிடம் கொண்ட மகாராஷ்டிரக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி எனப் பல நகரங்களில் இவை உள்ளன. இத்தகைய இடங்களில் பதிவுக் கட்டணமும் எக்ஸ்-ரே, இரத்தப் பரிசோதனைக் கட்டணங்களும் பொதுவாகத் தனியார் இடங்களைவிடக் குறைவு. காத்திருக்கும் நேரம் மட்டும் கூடுதல். காலையில் சீக்கிரமே சென்று சீட்டு வாங்கிக்கொள்வதும், நாய்க்குத் தண்ணீரும் ஒரு விரிப்பும் எடுத்துச் செல்வதும் நலம்.

வீட்டில் நாய் நடப்பதையும் எழுவதையும் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையின் பரபரப்பில் நாய் தன் நொண்டலை மறைத்துவிடும். மோத்தி அங்கே வாலை ஆட்டிக்கொண்டு நேராக நடந்தது. எங்கள் கைப்பேசிப் படம்தான் மருத்துவருக்கு உண்மையைக் காட்டியது.

எடையே முதல் மருந்து

பரிசோதனைகள் முடிந்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு என்னென்ன தருகிறீர்கள்?” என்பதாகும். “இரண்டு வேளை உணவு, அவ்வளவுதான்” என்றோம். “ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். ஆயினும் இந்தக் கணக்கு எங்களைத் தலைகுனியச் செய்தது. காலைத் தேநீரோடு நான்கு பிஸ்கட், மாலையில் நான்கு. குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் அறியாமல் தந்த நெய் தடவிய சப்பாத்தி மொத்தம் நான்கு. நெய்ச் சப்பாத்தி ஒன்றுக்கு 120 கலோரி, குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றுக்கு 20 முதல் 25 கலோரி என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், இவை மட்டுமே ஏறத்தாழ 650 கலோரி ஆயின. 34 கிலோ இலக்கு எடையை நோக்கி இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு மருத்துவர் வகுத்த அளவோ ஏறத்தாழ 1,000 கலோரி. ‘இரண்டு வேளை உணவு’ தொடங்குமுன்னரே கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு செலவாகியிருந்தது.

எடை மூட்டுக்குச் சுமை மட்டுமன்று. உடற்கொழுப்பு வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு நடத்திய நீண்டகால ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றுக்கு மற்றொன்றைவிட 25 சதவீதம் குறைவாக வாழ்நாள் முழுவதும் உணவளித்தனர். 2002-ல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதல். மூட்டுத் தேய்மானமும் அவற்றில் தாமதமாகவே தலைகாட்டியது. வேறோர் ஆய்வில், பருமனான நாய்கள் தம் எடையில் 6 சதவீதத்தை இழந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியது தெரியவந்தது. 41 கிலோ நாய்க்கு அது வெறும் இரண்டரைக் கிலோ.

நாய் பருமனா என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. உங்கள் கையை முஷ்டியாக மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அவ்வாறு துருத்தியிருந்தால் அது மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் மெல்லிய தோலின் கீழ் தட்டுப்படும். விலா அப்படி இருப்பது சரியான அளவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்படாமல் மெத்தென்றிருந்தால் எடை மிகுதி.

எடையை வாரம் 1 சதவீதம் அளவில் மெல்லக் குறைப்பதே பாதுகாப்பு. பட்டினி கூடாது. சோற்றையும் சப்பாத்தியையும் குறைத்து, தோல் நீக்கி வேகவைத்த கோழியிறைச்சி, முட்டை ஆகியவற்றால் புரதத்தைக் காத்து, பூசணி, சுரைக்காய், பீன்ஸ், கேரட் ஆகியவற்றால் வயிற்றை நிரப்பலாம். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியன நாய்க்கு நஞ்சு. அவற்றை எந்நிலையிலும் தரலாகாது. எடை பார்க்க மாதம் இருமுறை தெருமுனைப் பழைய காகிதக் கடையின் மேடைத் தராசையே நாடினோம். கடைக்காரர் கட்டணம் ஏதும் வாங்கவில்லை, மூன்றாம் முறையிலிருந்து, “இந்த முறை எவ்வளவு இறங்கியது?” என்று அவரே ஆவலோடு கேட்கலானார்.

தரை, படுக்கை, படி

இன்றைய வீடுகளின் வழவழப்பான ஓடுகளும் கிரானைட் தரையும் முதிய நாய்க்குப் பனிக்கட்டிமேல் நடப்பதை ஒத்தவை. வழுக்கும் ஒவ்வொரு முறையும் கால்கள் அகன்று தேய்ந்த மூட்டு இழுபடுகிறது. வீடு முழுவதும் விரிக்க வேண்டியதில்லை. நாய் படுக்குமிடம், உண்ணுமிடம், வாசல் ஆகிய மூன்றையும் இணைக்கும் ஒரு பாதை போதும். தென்னை நார் விரிப்பு, பழைய யோகாசன விரிப்பு, பருத்தி ஜமுக்காளம் எதுவும் ஆகும். ஆனால் அடியில் ரப்பர் வலை இட்டு, விரிப்பு நகராமல் செய்ய வேண்டும். நகரும் விரிப்பு வெறுந்தரையைவிட ஆபத்தானது.

பாதங்களையும் பாருங்கள். நீண்ட நகம் விரல்களை மேல்நோக்கித் தள்ளிப் பிடிப்பைக் கெடுக்கிறது. பாதத் திண்டுகளுக்கிடையே வளரும் முடியும் வழுக்கச் செய்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டுவதும், அந்த முடியைக் கத்தரிப்பதும் செலவில்லாத சிகிச்சை. நகத்தினுள் ஓடும் இரத்தக்குழாயைத் தொட்டுவிடாதிருக்க முதல்முறை மருத்துவமனையில் பார்த்துக் கற்றுக்கொள்வது நன்று.

படுக்கைக்கு, விதர்ப்பாவின் பருத்தி எங்களுக்கு உதவியது. வீட்டில் கிடந்த பழைய மெத்தையைப் பஞ்சடிப்பவரிடம் கொடுத்துக் கெட்டியாகத் தைத்து வாங்கினோம். முழங்கை தரையைத் தொடாத அளவுக்குத் தடிமனும், எழும்போது அமிழாத அளவுக்கு இறுக்கமும் வேண்டும். வட இந்தியக் குளிரில் மூட்டு விறைக்கும் நாய்க்குச் சணல் சாக்கில் வைக்கோல் நிரப்பி அடியில் இடுவதும் நல்ல காப்பு. காலையில் எழுமுன், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையை இடுப்பில் 10 நிமிடம் வைக்கலாம். நம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சூடு தாங்கும்படி இருந்தால் மட்டுமே. மூட்டு புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் ஒத்தடம் கூடாது.

கட்டட வாசலில் இருந்த மூன்று படிகளுக்கு, ஆறடி ஒட்டுப்பலகை ஒன்றின்மேல் நார் விரிப்பை ஆணியடித்துச் சரிவுப்பாதை அமைத்தோம். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்த நீளம் மிதமான சரிவைத் தருகிறது. மாடிப்படிகளுக்கு ஒரு பழைய குளியல் துண்டே துணையாயிற்று. துண்டைப் பின்வயிற்றின் அடியில் கொடுத்து இருபுறமும் மேலே பிடித்துக்கொண்டால், நாய் தன் முன்னங்கால்களால் ஏறும். பின்பகுதியின் சுமையில் ஒரு பகுதியை நாம் ஏற்கிறோம். ஆண் நாயாயின் சிறுநீர்ப்பாதை அழுந்தாதபடி துண்டைச் சற்றுப் பின்னால் இடுப்போடு ஒட்டி வைக்க வேண்டும்.

மின்தூக்கி உள்ள குடியிருப்புகளில் வசிப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வளர்ப்பு நாய்கள் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடுக்கலாகாது. முதிய நாயின் நிலையை எடுத்துரைத்து, நெரிசல் இல்லாத நேரத்தில் அழைத்துச் செல்வதாகச் சொன்னால், பெரும்பாலும் விதியைக் காட்ட வேண்டிய தேவையே எழாது.

ஓய்வல்ல, அளவான அசைவு

வலிக்கிறதே என்று நாயைக் கிடத்தி வைப்பது தசையை இழக்கச் செய்யும். வாரம் முழுவதும் அடைத்து வைத்து ஞாயிறன்று அம்பாஜரி ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவதோ அதைவிடக் கெடுதல். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். மருத்துவர் அதனை மாற்றி, நாளுக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம், கயிற்றில் கட்டி மெதுவான நடை என்று வகுத்தார். மறுநாள் காலையில் விறைப்புக் கூடவில்லையெனில் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். பந்தை எறிந்து பிடிக்கச் செய்வது, மண்டியிட்டுத் திடீரெனத் திரும்ப வைக்கும் விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு விடைகொடுக்க வேண்டும். கோடையில் நாக்பூரின் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க இயலாவிடில் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது.

வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் இரண்டு. நான்கு துடைப்பக் குச்சிகளையோ மூங்கில்களையோ ஓரடிக்கு மேற்பட்ட இடைவெளியில் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் காலைத் தூக்கித் தாண்டுமாறு மெல்ல நடத்துவது ஒன்று. உட்காரச் செய்து எழச் செய்வதை ஐந்து முறை திருப்புவது மற்றொன்று. ஒருமுறை வலியால் முகம் சுளித்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரையில் நாங்கள் செய்த பிழை

இதனை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. படியில் நின்ற அன்றிரவு மோத்தி உறங்காமல் இளைத்துக்கொண்டிருந்தது. வீட்டு முதலுதவிப் பெட்டியில் நாங்கள் தலைவலிக்கு உண்ணும் இபுபுரூபன் மாத்திரை இருந்தது. மனிதருக்கு ஒத்துக்கொள்வது 41 கிலோ நாய்க்கு என்ன செய்துவிடப் போகிறது என்று எண்ணி இரண்டு நாள் கொடுத்தோம். மூன்றாம் நாள் உணவைத் தொடவில்லை. மலம் தார்போல் கறுத்திருந்தது. வயிற்றில் இரத்தக் கசிவு. அவ்வாறுதான் நாங்கள் கல்லூரி மருத்துவமனையை அடைந்தோம். மருத்துவமனையில் செலவிட்ட தொகை, பின்னர் விரிப்புக்கும் பலகைக்கும் படுக்கைக்கும் சேர்த்துச் செலவிட்டதைவிட மிகுதி. அதனினும் கொடியது, வயிறு ஆறும்வரை முறையான வலிமருந்தைக்கூடத் தொடங்க இயலாமல் மோத்தி இரண்டு வாரம் வலியோடு கிடக்க நேர்ந்தது. அதற்குக் காரணம் நாங்களே.

இபுபுரூபன், டைக்ளோஃபெனாக், பாரசிட்டமால் போன்ற மனித மருந்துகளை மருத்துவர் கூறாமல் நாய்க்குத் தரலாகாது. இரைப்பை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியன பாதிக்கப்படும். வலிக்குத் தடவும் களிம்பையும் தெளிப்பையும்கூடத் தவிர்க்க வேண்டும். நாய் அதனை நக்கி உட்கொண்டுவிடும்.

இந்த மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு பெரும் பாடம் உண்டு. டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்டு இறந்த மாடுகளின் உடலை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவெங்கும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. ஆகவே 2006-ல் அதன் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரூபன், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் அவ்வாறே தடைக்குள்ளாயின. கழுகுகளுக்குத் தீங்கற்றதெனக் கண்டறியப்பட்ட மெலாக்சிகம், நாய்களின் மூட்டுவலிக்கும் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மருந்தாகும். விலையும் மலிவு. ஆனால் அதன் அளவு நாயின் எடையைக் கொண்டு மருத்துவரால் கணிக்கப்பட வேண்டும். தொடங்குமுன்னும் பின்னர் அவ்வப்போதும் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை அவசியம். உணவோடு தர வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்க்கலாகாது. வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டால், ஒரே மருந்தின் விலை குறைந்த வகையை அவர் ஒப்புதலோடு வாங்கலாம்.

துணைமருந்துகளில் விலையைப் படிக்கும் முறை

குளுக்கோசமைன் மாத்திரைகளே கடைகளில் முதலில் நீட்டப்படுபவை. அவற்றின் பயன் குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்குச் சான்று அதனினும் வலுவானது. ஆகவே கையிருப்பு குறைவாக இருக்குமாயின் மீன் எண்ணெய்க்கே முதலிடம் தரலாம். ஆளிவிதை எண்ணெய் இதற்கு ஈடாகாது. அதிலுள்ள கொழுப்பை நாயின் உடல் மிகச் சிறிதளவே மாற்றிக்கொள்கிறது. மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி மிகுதியாதலால் நாள்தோறும் அதிக அளவில் தருவது தீங்கு.

விலையை ஒப்பிடும்போது ஏமாறாதிருக்க ஒரு கணக்கு. 1,000 மில்லிகிராம் என்று அட்டையில் இருப்பது எண்ணெயின் அளவு. நமக்கு வேண்டியது அதனுள் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ ஆகியவற்றின் கூட்டுத்தொகை; சாதாரண வகையில் அது 180 + 120 = 300 மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, 60 குளிகை கொண்ட ஒரு புட்டி 300 ரூபாய் எனில், 100 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 1.67 ரூபாய். 600 மில்லிகிராம் கொண்ட ‘இருமடங்கு வீரிய’ வகை 60 குளிகைக்கு 750 ரூபாய் எனில், 100 மில்லிகிராமுக்கு 2.08 ரூபாய். அட்டையில் நாயின் படம் இருப்பதால் விலை ஏறியிருக்கிறதா என்பதையும் இதே கணக்கால் அறியலாம். எத்தனை குளிகை என்பதை மருத்துவர் சொல்லட்டும். அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

வரவும் செலவும்

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறோம். விரிப்புகளும் ரப்பர் வலையும் 2,100 ரூபாய், மெத்தை தைக்க 800, சரிவுப்பலகை 700, நகவெட்டி 350. ஆக ஒருமுறைச் செலவு 3,950 ரூபாய். மருந்தும் மீன் எண்ணெயும் மாதம் 1,100 ரூபாய். பிஸ்கட்டும் நெய்யும் குறைந்ததில் மாதம் 300 ரூபாய் அளவில் மீந்தது.

நாய்களுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் இன்று இந்தியாவில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் நுழைவு வயதுக்கு வரம்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொதுவாக ஈடு கிடைக்காது. முதுமையில் தேடிப் பயனில்லை. நாய் இளமையாக இருக்கும்போதே நிபந்தனைகளைப் படித்து முடிவெடுக்க வேண்டும். காலம் கடந்துவிட்டவர்களுக்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று துணையாகும். மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டு சேர்த்தால் வட்டி நீங்கலாகவே 30,000 ரூபாய். நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் மாதத்திலேயே அதனைத் தொடங்கிவிட்டால், முதுமையின் செலவு வரும்போது அது முதிர்ந்திருக்கும்.

நாட்காட்டியில் ஒரு குறி

மூன்று மாதக் கெடுவைத் தொடங்கிய நாளன்று, வங்கியின் மாத நாட்காட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்டினோம். எழுந்தது, நடந்தது, உண்டது, எங்களை வரவேற்க வாசலுக்கு வந்தது என்ற நான்கையும் பார்த்து, அன்றைய நாள் நல்லதெனில் ஒரு வட்டம், தீயதெனில் ஒரு பெருக்கல் குறி. நினைவு ஏமாற்றும், நேற்றைய வலி ஒரு மாதத்தையே இருட்டாக்கும், இன்றைய வாலாட்டல் ஒரு வாரத்தை மறக்கச் செய்யும். குறிகள் ஏமாற்றுவதில்லை. முதல் மாதத்தில் பெருக்கல் குறிகள் 19. இரண்டாம் மாதத்தில் 11. எடை இரண்டரைக் கிலோ குறைந்தது அம்மாத இறுதியில்தான். மூன்றாம் மாதத்தில் 5. கெடு முடிந்த நாளில் எந்த விவாதமும் தேவைப்படவில்லை.

மோத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. எடை 35 கிலோ. துண்டின் துணையோடு நாளுக்கு இருமுறை படியேறுகிறது; நடுவே முதல் மாடியில் நின்று இளைப்பாறுகிறது. அந்த வீட்டுப் பாட்டி அதற்கென்றே ஒரு துண்டு வெள்ளரி வைத்திருக்கிறார். தேய்ந்த மூட்டு மீளாது என்பதை நாங்கள் அறிவோம். வட்டங்களைவிடப் பெருக்கல் குறிகள் மிகும் மாதம் ஒன்று வரும். அன்று மருத்துவர் முன் நாங்கள் எடுத்து வைக்கப்போவதும் அந்த நாட்காட்டியைத்தான். அதுவரை ஒவ்வொரு மாலையும், அலுவலகத்திலிருந்து திரும்பும் எங்கள் காலடி ஓசை கேட்டு, விரிப்புப் பாதையில் வழுக்காமல் நடந்து அது வாசலுக்கு வருகிறது. வந்ததும் நாட்காட்டியில் ஒரு வட்டம் இடுகிறோம்.